பொருள்: வளைவுக்கு முன் ஒரு பலகை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். ஸ்டேஷன் ரோட்டில் நம் ஊர்ச் சங்கத்தின் பெயரில் அலங்கார வளைவு கட்டலாம் என்று துபாய் அண்ணாச்சி தொடங்கிவைத்த பேச்சு, கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. வளைவு வரட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் நம் ஊர் ரயில் பாதைக்கு நாம் ஏதாவது செய்வதென்றால், அதைவிட அவசரமான, அதிகம் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: தண்டவாளத்தில் ஆபத்தைப் பார்த்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஊர்ச் சுவரில் எழுதிவைப்பது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

புளியரை சம்பவம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு கடந்த நேரம். கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி, எஸ் வளைவில் சாலையிலிருந்து உருண்டு செங்கோட்டை – பகவதிபுரம் பாதையில், தண்டவாளத்தின் மேலேயே விழுந்தது. ஓட்டுநர் பிழைக்கவில்லை. சத்தம் கேட்டு எழுந்த ஒரு வயதான தம்பதி, ரயில் வரும் ஓசையும் கேட்கவே, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக ஓடி, விளக்கை ஆட்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள். முதலமைச்சர் அவர்களைப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். நம் குழுவிலும் அந்தச் செய்தியை ஆளுக்கொருவராகப் பகிர்ந்து கைதட்டினோம்.

கைதட்டியதோடு விட்டுவிட்டோம் என்பதுதான் என் குறை. அந்தத் தாத்தாவும் பாட்டியும் செய்தது துணிச்சல் மட்டுமல்ல, ரயில்வே விதிப்படியும் சரியான காரியம். சிவப்புக் கொடியோ சிவப்பு விளக்கோ இல்லாத நேரத்தில், பகலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாலும், இரவில் வெள்ளை விளக்கை உடம்புக்குக் குறுக்கே வேகமாக ஆட்டினாலும் ஓட்டுநருக்கு அது ‘நில்’ என்கிற சைகைதான். கைபேசி டார்ச்சும் விளக்குதான். வேகமாக வரும் வண்டி அவசர பிரேக் போட்டாலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். அதனால் தடை இருக்கும் இடத்திலேயே நின்று ஆட்டிப் பயனில்லை. வண்டி வரும் திசையில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எதிரே போக வேண்டும், அதுவும் தண்டவாளத்தின் மேல் அல்ல, ஓரமாக.

போன வாரம் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். “தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடக்கிறது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள், என்ன செய்வீர்கள்?” “ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ச் சொல்வேன்” என்றார். எழுபதைக் கடந்த முழங்காலோடு, இரண்டு கிலோமீட்டர்! ரயில்வேக்கு 139 என்று ஓர் உதவி எண் இருப்பது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த தம்பி மகனுக்குத் தெரியும், ஆனால் வண்டி தாமதமா என்று விசாரிக்கும் எண் என்றுதான் நினைத்திருக்கிறான். பாதுகாப்புக்கென்று தனியாக இருந்த 182-ஐயும் அதனுடன் சேர்த்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எல்லாவற்றுக்கும் 139 ஒன்றுதான்.

எண் தெரிந்தால் மட்டும் போதாது. மறுமுனையில் “எந்த இடம்?” என்று கேட்பார்கள். நம் ஆட்கள் “சுடலைமாடன் கோயிலுக்குப் பின்னால்” என்பார்கள். தென்காசி மாவட்டத்தில் சுடலைமாடன் கோயில் இல்லாத ஊர் ஏது? பாதை மின்மயமான பிறகு இதற்கு ஒரு வழி கண்ணெதிரிலேயே நிற்கிறது. மின்கம்பி தாங்கும் ஒவ்வொரு கம்பத்திலும் சின்னத் தகடு இருக்கும். மேலே கிலோமீட்டர் எண், கீழே கம்பத்தின் வரிசை எண். அந்த இரண்டையும் வாசித்துச் சொன்னால், மதுரை ரயில்வே கோட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இடம் துல்லியமாகத் தெரிந்துவிடும். ரயில்வே கேட் என்றால் கேட் எண். கோயில், கிணறு, புளியமரம் எதுவும் வேண்டாம்.

நிமிடக் கணக்கில் ஆபத்து என்றால் 139-ஐவிட வேகமான வழி பக்கத்து கேட்தான். கேட்கீப்பரின் அறையில் ஸ்டேஷன் மாஸ்டரோடு நேரடியாகப் பேசும் தொலைபேசி இருக்கிறது. சிவப்புக் கொடி, விளக்கு, தண்டவாளத்தில் கட்டி வெடிக்கச் செய்யும் எச்சரிக்கை வெடி எல்லாம் அவரிடம் உண்டு. அவர் வடநாட்டுப் பையனாக இருக்கலாம், தமிழ் தட்டுத்தடுமாறலாம். நாம் மட்டும் என்ன, மொழி தெரிந்தா வந்த ஊரில் இறங்கினோம்? கையைக் காட்டி, ‘லைனில் மரம், ரெட் காட்டு’ என்றால் புரிந்துகொள்வார்.

கேட் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கம் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். அப்படிப்பட்ட கேட்டில், கதவை மூடியதற்கு அத்தாட்சியாக கேட்கீப்பர் ஒரு ரகசிய எண்ணைத் தொலைபேசியில் சொல்ல, ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் குறித்துக்கொண்டு வண்டியை விடுகிறார். முழு ஏற்பாடும் ஒரு மனிதனின் கவனத்தில் தொங்குகிறது. அந்த மனிதனைத்தான் நம் ஊரில் ஹாரன் அடித்து, “வண்டி எங்கே வருகிறது? திற” என்று ஏசுகிறோம். விடுமுறைக்கு வாடகைக் காரில் வரும் நாம்தான் இதில் முதல் ஆள், மறுக்காதீர்கள். ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவுப்படி, மூடிய கேட்டை வெளியாள் திறந்தால் மூன்று ஆண்டு வரை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை.

கல்லெறிவது, தண்டவாளத்தில் நாணயம் வைப்பது, காதில் இயர்போனோடு நடப்பது பற்றியெல்லாம் பள்ளிக்கூடத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினரே வந்து பேசுவார்கள், அழைத்தால் போதும். எனக்குப் பையன்களைவிடப் பெரியவர்களைப் பற்றித்தான் கவலை. அவர்கள் மனதில் ஓடுவது இன்னும் மீட்டர் கேஜ் வண்டிதான். கூவிக்கொண்டு, புகைந்துகொண்டு, வருவதை ஊருக்கே சொல்லிவிட்டு வரும் வண்டி. 2012-இல் அகலப் பாதை வந்தது, அப்புறம் மின்சார எஞ்சினும் வந்தது. சத்தம் குறைந்தது, வேகம் கூடியது. தண்டவாளத்தை ஒட்டிய முருங்கையில் இரும்புக் குழாய்த் தொரட்டி போடும் சித்தப்பாவுக்கு, தலைக்கு மேலே போவது 25,000 வோல்ட் என்று யார் சொன்னார்கள்? வீட்டில் வருவது 230. அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, இரும்பு கிட்டே போனாலே போதும், பாயும்.

ஊர்க்காரர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு ஸ்ரீவைகுண்டத்தைச் சொல்வேன். 2023 டிசம்பர் 17 இரவு, வெள்ளத்தில் பாதை அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்க, செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்டேஷனிலேயே நிறுத்திவைத்தார்கள். ஏறத்தாழ 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் நிற்க, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மனம் நம் பக்கத்தில் குறைவில்லை. குறைவது தகவல்தான்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் ரயில் கேட்டுக்குக் கேட் நீலப் பலகை பார்த்திருப்பீர்கள், அதில் தொலைபேசி எண்ணும் கேட் எண்ணும் இருக்கும். லண்டன்காரர்களுக்கு, ரயில்வே போலீசுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் 61016 என்ற எண் அறிவிப்பில் கேட்டுக் கேட்டே மனப்பாடம். அதே காரியத்தை நம் ஊரில் பெயின்ட் அடித்துச் செய்யலாம். ரயில்வே இடத்தில் அனுமதி வாங்க அலைய வேண்டியதில்லை. கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைச் சுவர், ரேஷன் கடைச் சுவர், பால் சொசைட்டி, மூன்றும் போதும். பெரிய எழுத்தில் 139, நம் கேட்டின் எண், நம் ஊர் எல்லையின் முதல் கம்பத்து எண், கடைசிக் கம்பத்து எண். அடியில் கைகளைத் தூக்கி நிற்கும் ஓர் ஆள் படம், எழுத்து வாசிக்காதவர்களுக்காக.

கம்பத்து எண்களைக் குறிக்க யாரும் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம், அது 147-ஆம் பிரிவில் குற்றம். கீமேன் தினமும் அந்த வழியே நடந்து சோதிக்கிறார், அவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். ஊரில் இருக்கும் சங்கப் பொருளாளர் இதை ஏற்றுக்கொண்டால் நல்லது. வாசகத்தை டீச்சர் மதினி ஒருமுறை பார்த்துத் தரட்டும். வளைவுப் பணத்தில் கைவைக்க வேண்டாம், பெயின்ட் செலவு என்னுடையது. ஆட்சேபம் உள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். இல்லையென்றால் தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே சேர்த்து எழுதிவிடச் சொல்கிறேன்.

அன்புடன்,
கீழத்தெருக்காரன், மஸ்கட்டிலிருந்து