தேய்மானமா, தேய்வா, தேய்பட்டையா? பிரேக் பேட் சோதனைக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பிரேக் பேடை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி வண்டியை நிறுத்தும் பாகம்) மாணவர்கள் சோதிப்பதற்கான செய்முறைத் தாள் ஒன்றுக்காக, பேடின் தேய்வு, அதன் தேயும் பகுதி, நடுவிலுள்ள பள்ளம் ஆகியவற்றுக்கு நான் மூன்று சொற்கள்தாம் கேட்டிருந்தேன். வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்பதால் இன்று என் நிலையை எழுதுகிறேன்.

முதலில் வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாணவர் ஒருவர் முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பேடைக் கழற்றி, வெர்னியரால் அளந்து, '5 மி.மீ. உள்ளது, மாற்றத் தேவையில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினார். வாங்கிப் பார்த்தால், பின்புறத்து இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்திருந்தார். தகட்டின்மேல் இருக்கும் கறுப்புப் பொருள் 1 மி.மீ.கூட எஞ்சவில்லை, அதன் நடுவே ஓட வேண்டிய பள்ளம் அடியோடு மறைந்துபோய், ஒரு விளிம்பில் தகடே டிஸ்க்கில் உரசிப் பளபளத்தது. பிழை அவருடையதன்று. 'பேடின் தேய்மானத்தை அளக்கவும். எல்லை 1 மி.மீ.' என்று நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தின் பிழை அது. போனதை அளப்பதா, இருப்பதை அளப்பதா, பேட் என்பது எதிலிருந்து எதுவரை என்ற எதையும் அவ்வாக்கியம் சொல்லவில்லை.

'தேய்மானம்' வேண்டாம் என்பதில் நம்மில் பலரும் ஒத்துப்போகிறோம், காரணங்கள்தாம் வேறு. நன்னூல் அடுக்கும் தொழிற்பெயர் விகுதிகளில் '-மானம்' இல்லை, அது வடமொழியின் அளவுச்சொல் என்று ஒரு நண்பர் ஒதுக்குகிறார். வருமானம், கட்டுமானம், செரிமானம் என்று ஊரெல்லாம் வழங்கும் விகுதியை இனிமேல் எங்கே கொண்டுபோய் விடுவது என்று மற்றொருவர் கேட்கிறார். அவர் பக்கம்தான் நான். ஆயினும் தமிழ்நாட்டில் 'தேய்மானம்' கணக்குப் பதிவியலில், சொத்தின் மதிப்புக் குறைவு என்ற பொருளில், ஊன்றிவிட்டது. அதே பொருளுக்கு இலங்கையில் 'பெறுமானத் தேய்வு' என்கிறார்கள். இரண்டுமே இழந்ததைச் சுட்டுகின்றன. பட்டறையில் நமக்குத் தேவை எஞ்சியதைச் சுட்டும் சொல். எனவே 'எஞ்சிய கனம்' என்றே எழுதப்போகிறேன். இது கலைச்சொல்லே அன்று, வெறும் சொற்றொடர் என்ற மறுப்பை ஏற்கிறேன். ஆனால் எந்த மாணவரும் இதைத் தவறாகப் படிக்க மாட்டார்.

தேயும் பகுதிக்கு 'தேய்பட்டை' என்று முன்மொழிகிறேன். 'தேய்பிறை' போல இதுவும் வினைத்தொகை: தேய்ந்த, தேய்கின்ற, தேயும் பட்டை. முக்காலமும் அந்தப் பொருளுக்குப் பொருந்துகின்றன. வல்லினம் மிகாமல் எழுத வேண்டும். 'தேய்ப்புப் பட்டை' என்றால் பிறவினையாகி, டிஸ்க்கைத் தேய்ப்பது என்று பொருள் மாறிவிடும். இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமா என்று கேட்ட நண்பருக்குக் குறளிலிருந்தே விடை தரலாம். 'அரம்பொருத பொன்போலத் தேயும்' (888) என்பது தன்வினை. 'செல்வத்தைத் தேய்க்கும் படை' (555) என்பது பிறவினை. நல்ல பேட் அரத்தின்முன் பொன்னாக நின்று, டிஸ்க்கைவிட விரைவாகத் தான் தேய்ந்து போகிறது. பட்டை தீர்ந்து தகடு வெளிப்பட்ட நாளில் அதுவே அரமாகிவிடுகிறது. அந்தக் கரகரப்புச் சத்தத்தைக் கேட்டதும் மெக்கானிக், 'பேட் டிஸ்க்கைத் தின்னுது' என்பார். அவர் வாக்கியத்திலும் அப்போது தேய்வது டிஸ்க்தான்.

முழுப் பேடுக்கும் 'திண்டு' என்றார் யாழ்ப்பாணத்து நண்பர். அழகான சொல். ஆனால் திண்டு சாய்ந்துகொள்ள உதவுவது. இரும்புத் தகட்டோடு அது ஒட்டவில்லை. மிதிவண்டிக்காரர்களின் 'பிரேக் கட்டை'யும் வந்தது, ரப்பரைத்தான் நினைவூட்டுகிறது. தகடும் தேய்பட்டையும் சேர்ந்த முழுமைக்கு, உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டிய பெயர் என்பதால், 'பேட்' என்பதையே வைத்துக்கொள்கிறேன். வடசொல்லை வடவெழுத்து ஒரீஇ (நீக்கி)க் கொள்ளலாம் என்ற தொல்காப்பியருக்கு இது மாறானதன்று என்பது என் எண்ணம். பிற அயற்சொற்களுக்கு அந்த விதியை நீட்டக் கூடாது என்பவர்களோடு வேறொரு நாள் விரிவாகப் பேசுகிறேன்.

நடுப் பள்ளத்துக்குத் தச்சர்களின் 'காடி'யைத் தந்த நண்பருக்கு என் மனமார்ந்த நன்றி. புளித்த காடியோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. பலகையில் காடி எடுப்பதைப் பார்த்த பிள்ளைகள் என் வகுப்பில் பலர். தேய்பட்டையில் வெட்டியது 'தேய்வுக்காடி'. யாழ்ப்பாணத்து நண்பர் இன்னும் திண்டை விடவில்லை. டிரம் பிரேக்கின் ஷூவுக்கு 'லாடம்' சரியா, லகரம் மொழிமுதல் வராததால் 'இலாடம்' என்பதா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. அது அடுத்த தாளுக்கு உரியது.

அச்சுக்குப் போகும் பத்தி இதோ. திருத்தம் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்:

'காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) இருபுறமும் உள்ள பேடுகளை டார்ச் விளக்கில் பார்க்கவும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேய்பட்டையின் எஞ்சிய கனத்தை மட்டும், மிக மெலிந்த இடத்தில் அளக்கவும். வண்டியின் கையேடு வேறு அளவு சொல்லாவிடில், 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலும், தேய்வுக்காடி மறைந்திருந்தாலும், இரண்டு பேடுகளையும் சேர்த்தே மாற்றவும். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பரின் பின் (pin) கம்பியும் பிஸ்டனும் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்கவும். பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால், ஆயில் ஊற்றும் முன் பேடைப் பார்க்கவும்.'