ஏசிஎல் அறுந்த முட்டி: உடனே ஆபரேஷனா, முதலில் பயிற்சியா?

செந்தூல் வேலன்:
வணக்கம். செத்தாப்பாக்கில் ஃபுட்சால் ஆடும்போது ஊன்றிய கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. ‘டப்’பென்று ஒரு சத்தம், இரவுக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல் (முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார்) முழுதாக அறுந்திருக்கிறது, மெனிஸ்கஸுக்கு (அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) ஒன்றுமில்லை. டாக்டர் உடனே ஆபரேஷன் தேதி போடலாம் என்கிறார். பிசியோ படித்த என் சித்தி மகள், மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு முடிவு எடு என்கிறாள். வயது 26, ஷா ஆலாமில் கிடங்கு வேலை. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறும் வேண்டுதலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ:
தம்பி, உன் சித்தி மகள் சொல்வதைக் கேள். சுவீடனில் உன் வயதுக்காரர்கள் 121 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். மறு பாதிக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் வலி, நடமாட்டம், விளையாட்டு எதிலும் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொள்ளாமலே இருந்தார்கள்.

பயிற்சி என்றால் சும்மா காலை ஆட்டுவது இல்லை. முதலில் வீக்கம் வற்ற வேண்டும், முட்டி முழுதாக நீள வேண்டும். அப்புறம் முன்தொடைக்கும் பின்தொடைக்கும் நல்ல பாரம், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, அதற்குப் பிறகுதான் குதிப்பதும் திரும்புவதும். ஒருவேளை ஆபரேஷனே செய்ய நேர்ந்தாலும் இந்த மாதங்கள் வீணில்லை. வலுவான தொடையோடு ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர் சீக்கிரம் தேறுவார்.

பட்டர்வொர்த் கோச்:
அக்கா, மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டீர்களே. ஐந்து வருடத்துக்குள் அவர்களும் ஆபரேஷனுக்குத்தானே வந்தார்கள்? தொழில்முறை ஆட்டக்காரர்களை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. நான் பினாங்கில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ‘பரவாயில்லை கோச்’ என்று ஏசிஎல் இல்லாமல் ஆடுகிற பையனுக்கு முட்டி ஒவ்வொரு முறை நழுவும்போதும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. அது போனால் நாற்பது வயதில் தேய்மானம். பிரிட்டனில் 316 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. அதில் ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ:
கோச், பிரிட்டன் ஆய்வில் இருந்தவர்கள் அடிபட்டு நாளாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்கள். அவர்களுக்கு ஆபரேஷன் நல்லது என்று நானும் சொல்வேன். வேலனுக்கு அடி புதிது. நழுவுமா நழுவாதா என்று யாருக்கும் இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று மாதம் கேட்கிறேன். முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றிருந்தாலோ, வேறு லிகமென்ட்டும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) சேர்ந்து அறுந்திருந்தாலோ நானே ‘போ’ என்று அனுப்பியிருப்பேன்.

பாயான் பாரு கவிதா:
ஆஸ்திரேலியாவில் பிரேஸ் (முட்டியை அசையாமல் பிடிக்கும் கவசம்) போட்டே ஏசிஎல்லை ஒட்ட வைக்கிறார்களாமே? அறுந்தால் ஒட்டவே ஒட்டாது என்றல்லவா சொல்லி வந்தார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ:
உண்மைதான் கவிதா. முட்டியை 90 டிகிரியில் மடக்கி நாலு வாரம் பூட்டி வைப்பார்கள். அறுந்த இரண்டு முனையும் கிட்டே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவிட்டு 12ஆம் வாரம் கழற்றுவார்கள். 2023இல் 80 பேரின் முடிவை வெளியிட்டார்கள். மூன்றாம் மாத எம்ஆர்ஐயில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டியதற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் அடிபட்ட முதல் சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும், இது தெரிந்த டாக்டர் கூடவே இருக்க வேண்டும். காலை இப்படிப் பூட்டி வைத்தால் ரத்தம் உறையலாம், அதற்கும் மருந்து தேவை. ஃபார்மசியில் வாங்குகிற இழுவை உறையை மாட்டிக்கொண்டு ஒட்டிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் கோச்:
80 பேர், ஒப்பிட வேறு குழுவே இல்லை. அதிலும் 11 பேருக்கு மறுபடி அறுந்தது. எம்ஆர்ஐயில் ஒட்டியது போலத் தெரிவது வேறு, திடலில் தாங்குவது வேறு. ஷா ஆலாமில் நின்று வேலை பார்க்கிறவன் ஒரு மாதம் காலை மடக்கிக்கொண்டு எப்படிச் சம்பாதிப்பான்?

செராஸ் மணியம்:
எங்கள் பக்கத்தில் நன்றாக உருவி விடும் ஒருவர் இருக்கிறார், முட்டியைப் பிடித்து இழுத்தால் சரியாகும். நம்பர் தரவா தம்பி?

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ:
வேண்டாம் மணியம் அண்ணே. வீங்கிய முட்டியை இழுத்து உருவினால் உள்ளே நன்றாக இருக்கிற மெனிஸ்கஸும் கிழியும். கோபப்படாதீர்கள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செந்தூல் வேலன்:
அப்போது தைப்பூசம்?

பிரிக்பீல்ட்ஸ் பிசியோ:
272 படி ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. வீக்கம் இல்லாமல், ஒற்றைக் காலில் தடுமாறாமல் படி இறங்கப் பழகியபின் ஏறு. இந்த வருடம் முடியாவிட்டால் முருகன் கோபிக்க மாட்டார்.

பட்டர்வொர்த் கோச்:
வேலன், நீ என் பையனாக இருந்தால் ஆபரேஷனுக்குத்தான் அனுப்புவேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. பயிற்சியில் தொடங்குவதாக இருந்தால் தேதியை ரத்து செய்யாதே, தள்ளி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேள். பந்துப் பக்கம் 9 மாதத்துக்கு முன் தலைவைக்காதே. ஆபரேஷன் செய்தவர்களிடமே நார்வேயில் பார்த்தார்கள்: 9 மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நடுவில் முட்டி ஒருமுறை நழுவினால் பிசியோவிடம் சொல். இன்னொரு முறை நழுவினால் காத்திருக்காமல் டாக்டரைப் போய்ப் பார்.