ஆப்இமேஜ் எந்த லினக்ஸிலும் ஓடும் என்பது உண்மைதானா?

முனையவாசி:
“செயலியை ஆப்இமேஜாகக் கட்டிவிட்டால் போதும், ஒரே கோப்பு எந்த லினக்ஸிலும் ஓடும்” என்று, செயலியையும் அதன் நூலகங்களையும் ஒரே கோப்பில் அடைக்கும் ஆப்இமேஜ் வடிவத்தைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே பதிவிட்டு அடித்துச் சொல்லியிருந்தார். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வழங்கலைப் புதிதாக நிறுவி, ஓர் ஆப்இமேஜை இறக்கி, இயக்கும் அனுமதியும் கொடுத்துச் சொடுக்கிப் பார்க்கட்டும். பெரும்பாலான கோப்புகள் மூச்சே விடாது. கட்டளை முனையத்திலிருந்து இயக்கினால்தான், ஆப்இமேஜைத் திறக்க உதவும் லிப்ஃபியூஸ்2 என்ற நூலகம் இல்லை என்ற செய்தி தெரியும். அந்தப் பதிப்பு முதல் உபுண்டு அதை இயல்பாகத் தருவதில்லை.

ஒற்றைக்கோப்பு:
சொன்னவன் நான்தான், இன்றும் அதையேதான் சொல்கிறேன். லிப்ஃபியூஸ்2-ஐ நிறுவ ஒரு கட்டளை போதும். அதுவும் பாரமென்றால், கோப்பைத் தற்காலிகமாகப் பிரித்து இயக்கும் வசதி ஆப்இமேஜுக்குள்ளேயே உண்டு. புதிய ரன்டைமோடு (ஆப்இமேஜைத் திறந்து இயக்க அதனுள்ளேயே இருக்கும் சிறு நிரல்) கட்டினால் அந்த நூலகமே தேவையில்லை. கட்டத் தெரியாதவர்கள் கட்டியதற்கு வடிவத்தின் மீது பழி போடுவானேன்?

முனையவாசி:
ஒரு கட்டளை போதும் என்ற பிறகு “எந்த லினக்ஸிலும் ஓடும்” என்ற பேச்சு எங்கே நிற்கிறது, ஐயா? அந்தக் கட்டளையில் லிப்ஃபியூஸ்2 என்பதற்குப் பதிலாக ஃபியூஸ் என்று மட்டும் தட்டிவிட்டால் 22.04-இல் கணினியே பாழாகலாம் என்று ஆப்இமேஜ் திட்டத்தின் விக்கியே எச்சரிக்கிறது. இது போதாதென்று ஜிலிப்சி (லினக்ஸ் செயலிகள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) வேறு: அதை ஆப்இமேஜுக்குள் யாரும் வழக்கமாகப் பொதிவதில்லை என்பதால், அதன் 2.39 பதிப்பு உள்ள உபுண்டு 24.04-இல் தொகுத்த செயலி, பழைய 2.35 பதிப்பு உள்ள 22.04-இல் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும்.

ஒற்றைக்கோப்பு:
ஆதரவில் இருக்கும் மிகப் பழைய பதிப்பில் தொகுக்க வேண்டும் என்பது பொதி கட்டுபவருக்கு அரிச்சுவடி.

பொதிக்காரர்:
இருவரும் பிளாட்பேக் என்ற இன்னொரு பொதி வடிவத்தை மறந்துவிட்டீர்கள். அதில் நூலகங்கள் தனி ரன்டைமாக (இங்கே, செயலிகளுக்கான பொது நூலகத் தொகுப்பு) வருவதால் வழங்கலின் ஜிலிப்சி எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

ஒற்றைக்கோப்பு:
சின்னக் குறிப்பேட்டுச் செயலி ஒன்றுக்காக முதல் தடவையிலேயே நூற்றுக்கணக்கான மெகாபைட் ரன்டைமை இறக்கச் சொல்லும் பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன்.

பொதிக்காரர்:
அதே ரன்டைமை அடுத்த செயலிகளும் பகிர்ந்துகொள்ளும் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள். டெப் (டெபியனின் பொதி வடிவம்) தவிர வேறு பொதியே வேண்டாம் என்று சென்ற ஆண்டு என்னோடு மல்லுக்கு நின்றதும் நீங்கள்தானே?

ஒற்றைக்கோப்பு:
அன்று பேசியது டெபியனை மட்டும் பற்றி. பழைய கணக்கைக் கிளறாமல் பேசுங்கள்.

முனையவாசி:
உங்கள் பழங்கணக்கு எனக்கு வேண்டாம். புதிய ரன்டைம் என்றீர்களே, அதற்கும் ஃபியூஸ்மவுண்ட் என்ற கருவி கணினியில் இருக்க வேண்டும்; எளிய கொள்கலன்களில் (செயலிகளைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்கள்) அது இருப்பதில்லை. ஆகவே மீண்டும் கேட்கிறேன்: எதையும் நிறுவாமல், கட்டளையில் எந்தத் தேர்வும் சேர்க்காமல், சொடுக்கியவுடன் எந்த லினக்ஸிலும் ஓடுமா, ஓடாதா?

ஒற்றைக்கோப்பு:
கொள்கலனுக்குள் உட்கார்ந்து கோப்பைச் சொடுக்குபவர் யார்? மேசைக்கணினிப் பயனரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒழுங்காகக் கட்டினால் ஓடும்.

முனையவாசி:
‘ஒழுங்காகக் கட்டினால்’ என்ற நிபந்தனை நேற்றைய பதிவில் இல்லையே!