இன்டக்ஷன் அடுப்புக்குச் சிறிய தாச்சி

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் தனியாக வசிக்கும் எனக்கு, ஒரு முட்டை பொரிப்பதற்கு ஏற்ற சிறிய தாச்சி தேவைப்படுகிறது. வீட்டிலுள்ள அலுமினியத் தாச்சியில் இன்டக்ஷன் அடுப்பு வேலை செய்வதில்லை. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, கடைக்கு ஒரு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். அது தாச்சியின் அடியில் இறுக ஒட்டினால் வாங்குங்கள். ஏனெனில் அடுப்பின் காந்தப்புலம் இரும்புத்தன்மையுள்ள அடிப்பாகத்தில்தான் மின்னோட்டத்தைத் தூண்டிப் போதிய சூட்டை உண்டாக்குகிறது.

பதில்: அடியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். பல அடுப்புகள் 12 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அடியை உணர்வதில்லை. வாய் அகன்றிருந்தாலும் அடி ஒடுங்கியிருக்கலாம். என் மெல்லிய தாச்சியில் முட்டை வளையமாகக் கருகியது, ஓரமோ வேகவில்லை. ஆகவே தடித்த அடியே நல்லது.

கேட்டவர்: நன்றி அக்கா. 13 சென்ரிமீற்றர் அடியுள்ள வார்ப்பிரும்புத் தாச்சி கிடைத்தது. கடற்காற்றில் துருப்பிடிக்காதிருக்க, கழுவியவுடன் துடைத்து நல்லெண்ணெய் தடவி வைக்கிறேன்.