ட்ரூயிட் கேரக்டருக்கு மரம், செடி, கொடிப் பெயர்தான் வைக்க வேண்டுமா?

மலையருவி:
அடுத்த வாரம் டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராக நடித்து ஆடும் கற்பனை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில் புது கேம்பெய்ன், அதாவது புது தொடர்கதை, தொடங்குகிறோம். நான் எடுத்திருப்பது ட்ரூயிட், அதாவது இயற்கையின் சக்தியால் மந்திரம் செய்பவர்; அதில் விலங்குருவில் சண்டை போடும் மூன் சர்க்கிள் பிரிவு. ஆற்றங்கரைக் காட்டில் வளர்ந்த பெண், வைல்ட் ஷேப் என்ற உருமாறும் சக்தியால் கரடியாகிச் சண்டை போடுவாள். 'வனமகள்' என்று பெயர் யோசித்தேன். "இதே பெயரில் எத்தனையோ ட்ரூயிட் பார்த்தாச்சு" என்கிறார் டிஎம் (கதையை நடத்துபவர்). இயற்கைப் பெயர் வைப்பது அவ்வளவு தப்பா?

கற்றாழை:
தப்பில்லை, ஆனால் யோசிக்காமல் வைத்த பெயர். பெயர் வைப்பது பெற்றோர். இந்தக் குழந்தை பின்னாளில் கரடியாக மாறப்போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? திருடன் கேரக்டருக்குக் 'கள்வன்' என்றா பெயர் வைக்கிறோம்? வரலாற்றையும் பாருங்கள். நிஜ ட்ரூயிட்கள் பழைய கெல்டிக் மக்களின் பூசாரிகள். சீசர் காலத்து திவிசியாகஸை ட்ரூயிட் என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். அவர் பெயரில் ஓக் மரமும் இல்லை, ஓநாயும் இல்லை. ஐரிஷ் கதைகளில் வரும் ட்ரூயிட் காத்பத்தின் பெயரும் அப்படித்தான்.

முல்லைவேலி:
கற்றாழை, நீங்கள் பிறப்பை மட்டும் பார்க்கிறீர்கள். ட்ரூயிட் பயிற்சி சிலருக்கு 20 ஆண்டுகள்கூட நீண்டது, பாட்டுகளை எழுதிவைக்காமல் மனப்பாடமாகவே படித்தார்கள் என்று அதே சீசர் சொல்கிறார். அவ்வளவு காலம் குருவிடம் கிடந்தவர் பழைய பெயரோடுதான் வெளியே வர வேண்டுமா? விளையாட்டிலும் இதற்கு இடம் உண்டு. 1978-இல் வந்த ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப்புத்தகத்தில் ஆர்ச்ட்ரூயிட், கிரேட் ட்ரூயிட் பட்டங்களுக்கு வர, அந்த இடத்தில் இருப்பவரைத் தோற்கடிக்க வேண்டும். பட்டம் அப்படி வந்தால் பெயரும் அப்படியே வரட்டுமே.

மலையருவி, 'வனமகள்' எடுபடாததற்குக் காரணம் வேறு. வனம் என்பது எல்லாருக்கும் பொது. ஒரு குறிப்பிட்ட செடியைப் பிடியுங்கள். மூங்கிலில் பல வகைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும், பூத்ததும் பட்டுப்போகும். ஆலம்விதை இன்னொரு மரத்தின் கிளையில் முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தையே நெரித்துவிடும். இப்படி ஒரு பெயர் வைத்தால் பாதிப் பின்கதை கையில் வந்துவிடும்.

கற்றாழை:
அதை விளக்கிச் சொன்னால்தானே தெரியும்? அப்புறம், நான் டிஎம்மாக இருந்து பட்ட அனுபவம் இது. ஒரே சர்க்கிளில், அதாவது ஒரே ட்ரூயிட் குழுவில், வேங்கையன், வேம்பன், வேலன் என்று மரப்பெயர் கொண்ட மூன்று ட்ரூயிட்களை வைத்திருந்தேன். வேம்பன்தான் துரோகி என்று தெரியவந்த செஷனில் ஒருவரும் அதிரவில்லை. "வேம்பன் யாரு, அந்தக் குருடரா?" என்று நோட்டைப் புரட்டினார்கள். எல்லாரும் மரமானால் எந்த மரமும் நினைவில் நிற்காது.

நிலாமுற்றம்:
இருவரும் பெயர்ச்சொல்லையே சுற்றி வருகிறீர்கள். குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர்கள் பலருக்கு அவர்கள் பாட்டில் வரும் தொடரே பெயராகிவிட்டது. அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார். மூன்றிலும் இயற்கை இருக்கிறது, ஆனால் சும்மா நிற்கவில்லை. அணில் ஆடுகிறது, நுரை கல்லில் மோதுகிறது. ட்ரூயிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கேரக்டர் கரடி உருவில் என்ன செய்வாள்? தண்ணீரில் இறங்குவாளா, மரப்பட்டையை உரிப்பாளா? பார்த்தவர்கள் அதை வைத்துக் கூப்பிடட்டும்.

முல்லைவேலி:
இது நான் சொன்னதைவிட நல்ல வழி. செடியைத் தெரியாதவருக்கும் காட்சி புரியும்.

கற்றாழை:
காட்சிப் பெயரை ஏற்கிறேன், நீளத்தை ஏற்க மாட்டேன். சண்டையில் இரண்டாவது ரவுண்டிலேயே பெயரை வெட்டிவிடுவார்கள். மூன்று நான்கு எழுத்துக்குள் ஒரு கூப்பிடு பெயரும் வேண்டும். அது பெற்றோர் வைத்ததாகவே இருக்கட்டும். குழுவில் வேறு யாருடைய பெயரும் அதே எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையருவி:
சரி, இப்படி வைத்திருக்கிறேன். வீட்டில் வைத்த பெயர் அல்லி. கரடியாக இருக்கும்போது ஆற்று மடுவில் இறங்கி அடிச்சேற்றைக் கிளறி மீன் பிடிப்பாள், அதனால் 'மடுக்கலக்கி'.

கற்றாழை:
அல்லியும் பூதான், ஆனால் எந்த அம்மாவும் வைக்கக்கூடிய பெயர். அதில் எனக்குச் சண்டை இல்லை. மடுக்கலக்கி என்று கூப்பிடுவது யார்? சர்க்கிள்காரர்களா, அவளைப் பிடிக்காதவர்களா? அதை முடிவு செய்யாமல் டேபிளுக்குப் போகாதீர்கள்.

மலையருவி:
கீழ்க்கரை மீனவர்கள். அவர்கள் வலையைக் கிழித்தது அவள்தான். அவளுடைய சர்க்கிளுக்கு இந்தப் பெயரே தெரியாது. டிஎம்மிடம் சொன்னேன், முதல் செஷனையே அந்தக் கரையில் வைத்துவிட்டார்.