நான்காவது லாரிக்கு ஐந்தாவது லாரியின் எடை: சி ஷார்ப்பிலிருந்து டிஎல்எல்லுக்கு ஸ்ட்ரக்ட் அரே அனுப்பியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எடைமேடை, கிருஷ்ணகிரி:
மாம்பழ சீசன். கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசை. எடை மீட்டரோடு வந்த டிஎல்எல்லுக்கு (மற்ற நிரல்கள் அழைக்கும் நூலகக் கோப்பு) என் சி ஷார்ப் நிரல் ஓர் அரே, அதாவது ஒரே வகைத் தரவின் அடுக்கு, கொடுத்தால் கடைசி எட்டு எடையை நிரப்பித் தரும். அரேயின் ஒவ்வொரு வரிசையும் ஒரு ஸ்ட்ரக்ட் (சில தகவல்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு): 8 பைட் டபுளில் எடை, 4 பைட் இன்டில் நிலை, அவ்வளவுதான். ஒரே லாரியை வைத்துச் சோதித்தபோது சரியாக வந்தது. அன்று இரண்டாவது, மூன்றாவது வரிசையில் 0. நான்காவது லாரிக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "மீட்டர்ல 11,260 பார்த்தேங்க. இது எனக்குப் பின்னாடி வந்தவரோட எடை" என்றார்.

அப்படியே உண்மை. டிஎல்எல்லில் ஒரு ஸ்ட்ரக்ட் 12 பைட், என் பக்கம் கடைசியில் 4 பைட் காலி இடம் சேர்ந்து 16. மூன்று பதினாறும் நான்கு பன்னிரண்டும் 48, அதனால் என் நான்காவது வரிசை தொடங்கும் இடத்தில் டிஎல்எல்லின் ஐந்தாவது எடை இருந்தது. ஸ்ட்ரக்ட்லேஅவுட்டில் (ஸ்ட்ரக்டின் அமைப்பைச் சொல்லும் குறிப்பு) காலி இடம் விடாதே என்று பேக் = 1 போட்டதும் சரியானது. அன்று முழுக்க சீட்டைக் கையால் எழுதினோம், அந்த மனிதரின் முகம் இன்னும் மறக்கவில்லை. இப்போது எல்லா ஸ்ட்ரக்டுக்கும் பேக் 1தான்.

நைட் ஷிப்ட், ஓசூர்:
கடைசி வரியை ஏற்க முடியவில்லை நண்பரே. டிஎல்எல் காலி இடம் விடும் சாதாரண அமைப்பில் கட்டப்பட்டிருந்தால் இதே கோளாறு தலைகீழாக வரும். டிஎல்எல்லின் ஸ்ட்ரக்ட் எப்படி இருக்கிறது என்று சொல்லும் ஹெடர் கோப்பைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

என் கதை சின்னது. வெப்பநிலை படிக்கும் ஸ்ட்ரக்டில் ஒரு பூல் (ஆம்/இல்லை மட்டும் வைக்கும் வகை) சேர்த்தேன். டிஎல்எல்லின் லாகில் (பதிவுக் கோப்பு) வெப்பநிலை ஓடுகிறது, என் திரையில் எல்லாம் 0. அதற்கு முந்தைய நாள் வரை வேலை செய்த நிரல்! பூல் வந்ததும் பின் செய்வது (அரேயை நகராமல் பிடித்து, அதன் முகவரியையே டிஎல்எல்லுக்குக் கொடுப்பது) போய், டாட்நெட் நகல் எடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டது. உள்ளே போக இன், திரும்பி வர அவுட் என்று இரண்டும் குறிக்காததால் நகல் திரும்பி வரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத்தான் பிடிபட்டது.

கல் பட்டறை, தர்மபுரி:
கிரானைட் அறுக்கும் மெஷினின் அதிர்வைப் படிக்கும் நிரல். காலையில் ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் விழுந்துவிடும். அழைப்பு முடிந்த பிறகும் டிஎல்எல் அந்த முகவரியில் எழுதிக்கொண்டே இருந்தது, நினைவகத்தை ஒழுங்கு செய்யும் குப்பை சேகரிப்பான் (ஜிசி) அரேயை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு: பின் செய்வது அந்த அழைப்பு முடியும் வரைதான். டிஎல்எல் முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றால் ஜிசிஹேண்டிலில் பின்டு என்று எடுங்கள், நிறுத்தும்போது மறக்காமல் விடுவியுங்கள். டாட்நெட் 5 முதல் ஜிசி.அலோகேட்அரேயிலேயே பின் செய்த அரே கிடைக்கிறது. சி-யின் லாங் (முழு எண் வகை) விண்டோஸில் 4 பைட், சி ஷார்ப்பில் 8, அதையும் பாருங்கள். சி++ பூல் அங்கே 1 பைட், இரு பக்கத் தரவையும் மாற்றித் தரும் மார்ஷலர் நாம் சொல்லாவிட்டால் அதை 4 ஆக்கும், 1 பைட் என்று பொருள்படும் ஐ1 குறியுங்கள். நிரல் தொடங்கும்போதே மார்ஷல்.சைஸ்ஆஃப் தரும் ஸ்ட்ரக்ட் அளவை டிஎல்எல் பக்க அளவோடு ஒப்பிடுங்கள், பொருந்தாவிட்டால் ஓடவே விடாதீர்கள்.

எடைமேடை, கிருஷ்ணகிரி:
ஓசூர் நண்பருக்கு: ஹெடரைத் திறந்து பார்த்தேன். எடை மீட்டருக்கு பிராக்மா பேக் 1 (டிஎல்எல் பக்கத்தில் காலி இடம் விடாதே என்ற குறி) இருக்கிறது. பிரிண்டர் டிஎல்எல்லுக்கு இல்லை, அதற்கும் பேக் 1 போட்டிருக்கிறேன். இன்றே எடுத்துவிடுகிறேன்.