புதுப்பிப்பு: மண்டபம் நெத்திலிக் கருவாடு, எல்.சி. பணம் வந்துவிட்டது

"சிங்கப்பூர்க்காரர் முன்பணம் தரமாட்டேன், எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறக்கிறேன் என்கிறார். நம்பிச் சரக்கு அனுப்பலாமா?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். அனுப்பினோம், பணம் கணக்கில் ஏறிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இதில் நமக்குப் பிடி, வாங்குபவரின் வங்கி எழுதிக்கொடுக்கும் உறுதிதான். ஆனால் வங்கி மூட்டையைப் பிரித்துப் பார்க்காது. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600-இன்படி அதற்குக் காகிதம்தான் கணக்கு. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்), சுகாதாரச் சான்று எல்லாம் எல்.சி.யோடு ஒத்துப்போனால் பணம் கொடுத்தே ஆக வேண்டும். சரிபார்க்க அதிகபட்சம் 5 வங்கி வேலை நாள்.

எங்களுக்குச் சிக்கல் தேதியில் வந்தது. தூத்துக்குடியில் கப்பல் தள்ளிப்போனது, எல்.சி.யில் இருந்த கடைசி ஏற்றுமதித் தேதி தாண்டிவிடும் நிலை. "பரவாயில்லண்ணே, அனுப்புங்க" என்று வாங்குபவர் வாட்ஸ்அப்பில் சொன்னார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தப் பேச்சு வங்கியில் செல்லாது. கன்டெய்னர் ஏறும் முன்பே அவர் வங்கியிடமிருந்து திருத்தம் வரவைத்தோம்.

பாம்பன், தொண்டி பக்கம் புதிதாக இறங்கும் தம்பிகள் எல்.சி. வரைவு கைக்கு வந்ததுமே தேதிகளைப் பாருங்கள். கப்பலேறிய பின் ஆவணம் கொடுக்க, எல்.சி. வேறு சொல்லாவிட்டால் 21 நாள்தான், அதுவும் எல்.சி. காலாவதிக்குள்.